நண்பராகிவிட்ட செய்தியாளர்

அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்போது ஒரு வாதம் கூடவே வந்துவிடுகிறது. தேசியச் சானல்களை நம்பாத மக்கள் தங்கள் ஊர்ச் செய்தி வாசிப்பாளரை நம்புகிறார்கள். அவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், ஊர்வலத்தில் கலந்துகொள்கிறார், நிதி திரட்டும் மேடைகளில் நிற்கிறார். எனவே இதழியல் பிழைக்க வேண்டுமென்றால் எல்லோரும் அவரைப் போல ஊரோடு கலக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வாதத்தை எடை போட ஹூஸ்டன் நகரத்தின் டேவ் வார்டைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

1966இல் கே.டி.ஆர்.கே. என்னும் 13ஆம் எண் சானலில் நிருபராகச் சேர்ந்தவர், அதே ஊரில் அதே சானலில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு செய்தி வாசித்தார். ஒரே சானலில் மிக நீண்ட காலம் செய்தி வாசித்தவர் என்று கின்னஸ் புத்தகம் அவரைப் பதிவு செய்தது. ஒவ்வொரு மாலையும் நேயர்களை ‘நண்பர்களே’ என்று விளித்தே செய்தியைத் தொடங்குவார். 1980இல், குற்றங்களைத் துப்புத் துலக்க உதவும் ‘க்ரைம் ஸ்டாப்பர்ஸ்’ அமைப்பின் ஹூஸ்டன் கிளையை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 2017இல் திறக்கப்பட்ட அதன் தலைமையகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1983இல் அடித்த அலிசியாவைப் போலவோ 2001இல் நகரத்தை மூழ்கடித்த அலிசனைப் போலவோ ஒரு புயல் வரும்போது, பழகிய குரல் ஒன்று வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால் மக்கள் வெளியேறுவார்கள். அந்தப் பழக்கம் ஓர் இரவில் வந்துவிடாது, பல ஆண்டுகள் பிடிக்கும். இதை மறுப்பவர் புயல் அடிக்கும் கரையோரம் வாழாதவர்.

என் மறுப்பு அவர் பெயர் தாங்கிய அந்தத் தலைமையகக் கட்டிடத்தின் மேல்தான். ஒரு செய்தியாளரின் வாழ்க்கைக்குச் சூட்டிய மகுடமாக அதைக் காட்டுகிறார்கள். எனக்கு அது அந்தத் தொழில்முறையின் அடிப்படைப் பிழையாகவே படுகிறது.

க்ரைம் ஸ்டாப்பர்ஸ் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். 1976இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் ஒரு போலீஸ் அதிகாரி தொடங்கிய திட்டம் இது. துப்புத் துலங்காத குற்றத்தைத் தொலைக்காட்சியில் நடித்துக் காட்டுவார்கள். பெயர் சொல்லாமல் தகவல் தருபவருக்குப் பணம் கிடைக்கும். போலீஸ், ஊடகம், பொதுமக்கள் என்ற மூவர் கூட்டு என்றே அந்த அமைப்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இதனால் பிடிபட்ட குற்றவாளிகள் உண்டு, ஆறுதல் பெற்ற குடும்பங்களும் உண்டு. ஆனால் இந்தக் கூட்டில் ஊடகத்தின் வேலை என்ன? போலீஸ் கொடுப்பதைப் போலீஸ் சொல்கிற கோணத்தில் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. போலீஸையே கேள்வி கேட்க வேண்டிய நாள் வந்தால், கூட்டாளி எந்த வாயால் கேட்பார்?

ஹூஸ்டனில் அந்த நாள் வந்தது. 2002 நவம்பரில் நகரப் போலீஸின் தடயவியல் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பரிசோதனைகள் எவ்வளவு மோசமாக நடக்கின்றன என்பதை ஒரு தொலைக்காட்சிச் சானல் தொடராக அம்பலப்படுத்தியது. டி.என்.ஏ. பிரிவே மூடப்பட்டது. பதினாறு வயதில் கைதாகி, செய்யாத குற்றத்துக்கு இருபத்தைந்து ஆண்டு தண்டனை பெற்றிருந்த ஓர் இளைஞர் அடுத்த ஆண்டு வெளியே வந்தார். ஊருக்கு ஒரு சானல் செய்யக்கூடிய சேவையில் இதற்கு மேல் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். இதைச் செய்தது 13ஆம் சானல் அல்ல, போட்டிச் சானலான கே.எச்.ஓ.யு. வார்டின் நட்புகள்தான் அவருடைய சானலின் கையைக் கட்டிப்போட்டன என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அங்கேயும் வேய்ன் டால்சஃபினோ போன்ற துணிச்சலான புலனாய்வு நிருபர் இருந்தார். ஆனால் அந்த இளைஞரை வெளியே கொண்டுவந்தது நிருபர்கள் ஆவணங்களோடு மல்லுக்கட்டிய வேலை. எந்த நிதி திரட்டும் மேடையிலிருந்தும் அப்படி ஒரு விடுதலை வராது.

வார்டின் சக ஊழியரான மார்வின் ஸின்ட்லரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பகட்டான உடுப்பும் உரத்த குரலுமாக இருந்த அந்த மனிதரை ரசனைக் குறைவானவர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சுகாதாரத் துறையின் சோதனை அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த உணவகத்தின் ஐஸ் இயந்திரத்தில் பாசி பிடித்திருக்கிறது என்று பெயர் சொல்லிப் படித்தார். ஏமாற்றப்பட்டவர்கள் அவருக்கு எழுதினார்கள், அவர் போய்க் கதவைத் தட்டினார். அதுவும் சமூகப் பணிதான். அதைச் செய்ய எந்த அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் உட்கார வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் சட்டமும் இப்படி மக்களின் குறையைக் கேட்பதன் பக்கமே நின்றது. 1970களில், உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் நிலைய நிர்வாகிகள் ஊர்ப் பிரமுகர்களையும் சாதாரண மக்களையும் நேரில் கண்டு, ஊரின் பிரச்சினைகள் என்னவென்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விதித்திருந்தது. 1984இல் அந்த விதி போனது. கேட்க வேண்டிய கடமை போன இடத்தில் விழாவில் முகம் காட்டுவது வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குச் செலவும் குறைவு, விளம்பரமும் மிச்சம்.

நல்ல காரியத்துக்குப் பெயர் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். நல்ல காரியம் அப்படியே நின்றுவிடுவதில்லை. ஹூஸ்டன் க்ரைம் ஸ்டாப்பர்ஸ் பிணையில் விடும் நீதிபதிகளைப் பகிரங்கமாகச் சாடும் அமைப்பாக மாறியதை 2022இல் நியூயார்க் டைம்ஸும் மார்ஷல் ப்ராஜெக்டும் சேர்ந்து எழுதின. அங்கே நீதிபதிகள் கட்சிச் சின்னத்தில் தேர்தலில் நிற்பவர்கள். சாடப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர். அமைப்புக்குக் குடியரசுக் கட்சியின் ஆட்சியில் இருக்கும் மாநில அரசின் பணமும் வந்திருந்தது. 1980இல் நல்லெண்ணத்தோடு கைகோத்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான் செய்தியாளர் எந்த அமைப்போடும் இப்படிக் கைகோக்கக் கூடாது என்கிறேன்.

பிணை விவகாரம் ஹூஸ்டனில் இன்னும் ஓயாத அரசியல். அந்த அமைப்பின் பேச்சாளர் 13ஆம் சானலில் தோன்றும் ஒவ்வொரு முறையும், இதை நிறுவியவர்களில் எங்கள் முன்னாள் செய்தி வாசிப்பாளரும் ஒருவர், அதன் தலைமையகம் அவர் பெயரில் இருக்கிறது என்று நிருபர் நேயர்களிடம் சொல்லியாக வேண்டும். சானல்கள் அரசியல்வாதியிடமும் வியாபாரியிடமும் எதிர்பார்க்கிற வெளிப்படைத்தன்மை இவ்வளவுதான்.