மெல்கிசேதேக்கும் தமிழ்ச் சொல்லாட்சியும்

மும்பைத் தாராவியில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினருமாகிய தமிழர் அருகருகே வாழினும், மெல்கிசேதேக்கை இருவேறு தமிழில் வாசிக்கின்றனர். தொடக்கநூல் 14:18இல் அவர் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவருகிறார். திருப்பாடல் 110:4 அவர் முறைமையிலான நிலையான குருத்துவத்தை உரைக்கிறது. இவ்விரண்டையும் இணைத்தே 3ஆம் நூற்றாண்டில் சிப்பிரியான் நற்கருணையின் முன்குறியைக் கண்டார்.

எபிரேயத்தில் ஈரிடத்தும் 'கோஹேன்' என்னும் ஒரே சொல்லே உள்ளது. பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் 'ஆசாரியன்' என்னும் சொல்லையே ஆண்டது. கத்தோலிக்க வழிபாட்டில் பயிலும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியமோ முன்னதில் 'அர்ச்சகர்' என்றும் பின்னதில் 'குரு' என்றும் பெயர்த்துள்ளது.

இஸ்ரயேலர் அல்லாதவரைச் சுட்ட 'அர்ச்சகர்' பொருந்தலாம். ஆயினும், நற்கருணையைப் பலியாகக் கொள்ளாத மரபின் நூல் காத்த இணைப்பை, அவ்வாறு கொள்ளும் மரபின் நூல் நெகிழவிட்டுள்ளது. சொல் ஒருமை சிதையின் குறியீடும் சிதையும்.