பிரிக்கத் தெரிந்தவன்

தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. இருந்தும் நம் ஊரில் குஷன் வேலைக்குப் பெரும்பாலும் கடைதான் பள்ளிக்கூடம். புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் தருவது தைக்கிற வேலை அல்ல, பிரிக்கிற வேலை. பழைய சோபாவின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துணியைக் கிழிக்காமல் கழற்ற வேண்டும். கழற்றிய துணிதான் புதிய உறைக்கு அளவு என்பதால், எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் குறித்தும் வைக்க வேண்டும். எதை எதற்கு மேல் அடித்தார்கள் என்பதும் அப்போதே புரிந்துவிடும். இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஃபோம் வெட்டுவது, மெஷினில் பைப்பிங் ஓட்டுவது. வெல்வெட்டை வெட்டும் முன் மாஸ்டர், “தடவிப் பாருடா தம்பி” என்பார். இழை எந்தப் பக்கம் படிகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். ஒரு துண்டு திசை மாறினாலும் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

துணியை இழுத்து அடிப்பது கடைசியில்தான் கைக்கு வரும். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஓர் ஆணி, அங்கிருந்து ஓரங்களுக்கு, மூலை கடைசி. சுருக்கமில்லாமல் மடிந்த மூலையை எங்கே பார்த்தாலும் நான் நின்று தடவிப் பார்ப்பேன்.