நன்றாகச் சொல்லத் தெரிந்த குற்றம்

2005ஆம் ஆண்டு டோக்கியோவின் தனியார் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வில், ஆங்கிலத் தாளில், படித்துப் பதில் எழுத ஒரு கட்டுரை கொடுக்கப்பட்டிருந்தது. ஓக்கினாவாவுக்குப் பயணம் போய்வந்த மாணவர் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதுபோல எழுதப்பட்ட கட்டுரை அது. போர்க்காலத்தில் மக்கள் பதுங்கியிருந்த குகை ஒன்றுக்குள் அவர் முதலில் போகிறார். விளக்குகள் அணைக்கப்படுகின்றன. அந்தக் கும்மிருட்டு அவரை உலுக்கிவிடுகிறது. அடுத்து ஹிமெயூரி அமைதி அருங்காட்சியகம். அங்கே, போரில் உயிர் தப்பிய ஒரு மூதாட்டி நடந்ததைச் சொல்கிறார். மாணவருக்குச் சலிப்புத் தட்டுகிறது. பலமுறை சொல்லிச் சொல்லி அந்த அம்மாளுக்குச் சொல்வது கைவந்த கலையாகிவிட்டது, குழந்தைக்குத் தாய் சொல்லும் தூக்கக் கதைபோல அது சுலபமாகக் காதில் விழுகிறது, குகை தந்த உணர்வும் அதனால் கலைந்துபோகிறது என்கிறார்.

செய்தி வெளியே வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பள்ளி மன்னிப்புக் கேட்டது. ஆனால் இதை ஒரு பள்ளியின் தவறு என்று மட்டும் சொல்லி மூடிவிட முடியாது. இதை எழுதியது மாணவர் அல்ல. தேர்வுத்தாள் தயாரித்த ஆசிரியர். ஒரு மாணவர் மனம்திறந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களோ, அதுதான் இங்கே மாணவரின் குரலில் ஒலிக்கிறது. அதனால்தான் இதை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

போர் நடந்த இடங்களுக்குப் போய்வரும் மாணவர்களின் குறிப்புகளுக்கு ஓர் அச்சு உண்டு. முன்பு எனக்கு எதுவும் தெரியாது. அங்கே போனேன், அதிர்ந்தேன். இனி இப்படி நடக்கக் கூடாது. இந்த மூன்று படிகளில் நடுப்படியில்தான் எல்லாக் கண்ணும் இருக்கிறது. அதிர்ச்சியைத் தருபவை பெரும்பாலும் பேசாத பொருள்கள்: குவிந்து கிடக்கும் காலணிகள், பெயர்கள் பொறித்த சுவர், இருண்ட குகை. பேசாத பொருளுக்கு முன் பார்வையாளருக்கு நிறைய இடம் கிடைக்கிறது. இருட்டில் நின்றவர் எழுதும் பத்தியில் கதைமாந்தர் அவரேதான். நான் நடுங்கினேன், நான் உணர்ந்தேன் என்று அது போகும். எதிரே ஒரு பெண் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் கதைமாந்தர் மாறிவிடுகிறார். கேட்பவர் ஒதுங்கி உட்கார வேண்டியிருக்கிறது. சலிப்பு என்று எழுதப்பட்டதில் பாதி, இப்படி ஒதுங்கி உட்கார நேர்ந்ததன் எரிச்சல் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்தப் பெண்களிடம் சொல்ல என்ன இருந்தது? 1945 மார்ச் 23 இரவு, ஓக்கினாவாவின் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியையும் முதலாம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியையும் சேர்ந்த 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும் ராணுவ மருத்துவமனைப் பணிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வயது 15 முதல் 19. செஞ்சிலுவைக் கொடியின் கீழ், குண்டு விழாத இடத்தில் வேலை என்று நம்பிப் பாடநூல்களையும் எடுத்துப்போனவர்கள். போய்ச் சேர்ந்த இடம், மலையைக் குடைந்த சுரங்கங்கள். புண்ணில் நெளிந்த புழுக்களை எடுப்பது, மலம் அள்ளுவது, வெட்டியெடுத்த கை கால்களைச் சுமந்துபோய்ப் போடுவது, பிணம் புதைப்பது, குண்டு மழைக்கு நடுவே தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் அவர்கள் வேலை. மே மாத இறுதியில் படையோடு தெற்கே பின்வாங்கினார்கள். ஜூன் 18 இரவு திடீரென்று கலைப்பு உத்தரவு வந்தது: இனி உங்கள் பாடு. அதுவரை இறந்திருந்தவர்கள் 19 பேர். அடுத்த சில நாட்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 240 பேரில் திரும்பாதவர்கள் 136 பேர்.

தப்பித்தவர்கள் உடனே பேச வந்துவிடவில்லை. ‘என் மகள் எங்கே, நீ மட்டும் எப்படி வந்தாய்’ என்ற கேள்வி, இறந்த தோழியின் தாய் வாய்திறந்து கேட்காவிட்டாலும், எதிரே நின்றது. பலர் பல பத்தாண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 1953இல் திரைப்படம் வந்தது. நினைவுத்தூண் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடமானது. நாட்டுக்காக மடிந்த தூய கன்னியர், உதிர்ந்த லில்லி மலர்கள் என்றெல்லாம் உருவகங்கள் வந்தன. உண்மையில் ஹிமெயூரி என்பது அந்த இரு பள்ளிகளும் நடத்திய இதழ்களின் பெயர்களை இணைத்துப் பிறந்த பெயர். பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள்களின் பெயர். முன்னாள் மாணவிகள் நிதி திரட்டி, குகைகளுக்குள் மீண்டும் இறங்கித் தேடி, 1989 ஜூன் 23 அன்று திறந்த அருங்காட்சியகம் அந்த உருவகங்களுக்கு அவர்கள் கொடுத்த பதில்.

ஆகவே அந்த மூதாட்டியின் சரளம் தானாக வந்ததல்ல, உழைத்துப் பெற்றது. சொல் தடுமாறினால் தோழி ஒருத்தியின் சாவு தவறாகப் பதிவாகிவிடும் என்று அஞ்சிப் பழகிய சரளம். ஒப்பாரியில் தேர்ந்த பெண்ணுக்கு அடிகள் மனப்பாடம். அதனால் அவள் துக்கம் பொய்யாகிவிடுமா? ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் தங்குதடையின்றிப் போரைப் பற்றிப் பேசினால் அதை அறிவு என்கிறோம். அதையே ஒரு பெண் செய்தால் பழக்கம் என்கிறோம். அவள் ஒவ்வொரு முறையும் புதிதாக அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தூக்கக் கதை சொல்லும் தாய் என்ற உவமை எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. அறிவை மறுக்க வேண்டுமானால் பெண்ணைத் தாயாக்கிவிடுவது எளிது.

இந்த அளவுகோலின் மறுபக்கத்தில் இன்னொரு பெண் நிற்கிறார். பே பொங்-கி என்ற கொரியப் பெண் 1944இல் ஓக்கினாவாவின் தொகாஷிகித் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜப்பானியப் படையின் பாலியல் அடிமையாக்கப்பட்டார். போர் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. 1972இல் ஓக்கினாவா ஜப்பானிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, அங்கே தங்க அனுமதி பெறுவதற்காகத் தன் கடந்த காலத்தைச் சொல்ல வேண்டி வந்தது. 1975இல் அது செய்தியானது. எழுத்தாளர் கவாதா ஃபுமிகோ அவரோடு பேசிப் பழகி, 1987இல் அவர் வாழ்க்கையை நூலாக்கினார். 1991இல் பே பொங்-கி காலமானார். மேடையேறிச் சொல்லத் தெரிந்தவரும் அல்ல, சொல்ல விரும்பியவரும் அல்ல. தேர்ந்த சொல் சலிப்பூட்டுகிறது என்றால், தேராத இந்தச் சொல்லைத் தேடி மாணவர் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. தூய கன்னியருக்கு அழுவது எளிதாக இருந்தது. இவரை எந்த உருவகத்துக்குள் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓக்கினாவாப் பயணம் ஜப்பானிய மாணவர்களுக்கு உள்நாட்டுப் பயணம்தானே என்று கேட்கலாம். 1879 வரை அது ர்யூக்யூ என்ற தனி அரசு. 1945 முதல் 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. டோக்கியோவிலிருந்து போகிறவர்கள் பயண ஆவணம் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். தலைநகரைக் காக்க நேரம் வாங்குவதற்காக அந்தத் தீவு பலிகொடுக்கப்பட்டது. அங்கே போகும் டோக்கியோ மாணவர் விருந்தாளி. அந்தப் போரின் கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய சலிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். சலித்தது என்று எழுதும் மாணவியை, அழுதேன் என்று வழக்கத்துக்காக எழுதுபவளைவிட நான் நம்புவேன். ஆனால் கட்டுரை அங்கே முடியக் கூடாது. அவர் எதைச் சொன்னார்? எந்த இடத்தில் நிறுத்தினார்? யார் பெயரைச் சொன்னார்? எதைச் சொல்லாமல் தாண்டினார்? இந்த நான்குக்கும் பதில் எழுத உட்கார்ந்தால் ‘நான் உணர்ந்தேன்’ என்ற வாக்கியம் தானாகப் பின்னால் போகும்.

2015 மார்ச்சோடு, உயிர் தப்பியவர்கள் அங்கே வழக்கமாக ஆற்றிவந்த உரைகள் நின்றுவிட்டன. இப்போது பேசுபவர்கள் போரைக் காணாத தலைமுறையினர். மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். இனி அங்கே கிடைப்பது பழகிய சொல் மட்டுமே. அதைக் கேட்கத் தெரியாவிட்டால் கேட்பதற்கு அங்கே வேறு குரல் இல்லை.

அருங்காட்சியகத்தின் ஓர் அறையில் இறந்தவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு முகத்தோடும் அவள் பெயர், அவள் எப்படிப்பட்ட பெண், எங்கே எப்படி இறந்தாள் என்ற சில வரிகள். அந்த வரிகளை யாரோ ஒருத்தி நினைவிலிருந்து சொல்லியிருக்கிறாள், சரியாக வரும்வரை.