வளவும் மாடிப்படியும்: கிழக்கிலங்கையிலும் தமிழகத்திலும் வீடு புதுக்கும் முறை

கிழக்கிலங்கையின் ஆலையடிவேம்பிலே, சென்ற மாரிமழைக்கு முன்னர், ஓட்டுவீடு ஒன்றை மாடிவீடாகப் புதுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அவ்வீட்டு விறாந்தையின் ஓரத்தில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மேசன் நீலத்தூள் தோய்த்த நூலைப் பூசாத சுவரிலே இழுத்துத் தெறித்து, மாடிப்படியின் சரிவை ஒரே கோடாகப் பதித்துவிட்டு, அக்கோட்டின்மேல் படிகளை ஒவ்வொன்றாகக் கரித்துண்டால் குறித்துக்கொண்டு போனார். குசினியிலிருந்து வந்த வீட்டுக்கார அம்மையார் சற்று நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, சுவரில் வரைந்திருந்த முதற்படிக்கு நேரே தம் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பிறகு, “தம்பி, இது எனக்கு உசரம். நாளைக்குச் சின்னவளோட மேல இருக்கப் போறவ நான்தானே, இன்னும் கொஞ்சம் பதிச்சுப் போடுங்க” என்றார். மேசன் மறுவார்த்தை பேசாமல், உள்ளங்கையாற் கரிக்கோடுகளை அழித்துவிட்டு மீண்டும் அளக்கத் தொடங்கினார்.

அந்த அம்மையாரின் இரண்டு வாக்கியங்களிலே கிழக்கிலங்கையின் குடும்ப சம்பிரதாயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. படிக்கட்டைப் பற்றி எழுதுவோர் கைப்பிடியின் வேலைப்பாட்டையும் கல்லின் நிறத்தையுமே பெரும்பாலும் பேசுகின்றனர். அந்தப் படியில் ஏறப்போகிறவர் யார் என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. அந்த வினாவுக்கு இலங்கையின் கீழ்க்கரை தரும் விடை ஒன்று, தமிழகம் தரும் விடை வேறொன்று. விடை வேறாதலால் படியும் வேறாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரையோரமாகத் தெற்கே செல்லும் நிலப்பகுதியிலே, சைவத் தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டவர்களாயினும், வீட்டைப் பற்றிய ஒரு வழக்கத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். இரு சாராரிடத்தும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது; மணமானதும் மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார்; வீடு மகளுக்குச் சீதனமாகச் சேரும். தாய் வாழ்ந்த வீடு மூத்த மகளுக்குப் போக, பெற்றோர் அதே வளவுக்குள்ளோ அயலிலோ அடுத்த மகளுக்கென இன்னொரு வீட்டை எழுப்பி, அதையும் கொடுத்துவிட்டு, முடிவில் இளைய மகளோடு ஒதுங்குவர். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பிற்காலத்தில், 2008இல் வெளிவந்த தமது பெருநூலிலே இவ்வழக்கத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். அதற்கும் வெகு காலத்துக்கு முன்னரே, 1876இல், இக்கரையின் முக்குவர் சமூகத்தாரின் தாய்வழிச் சொத்துரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ நூலாக எழுதி வைத்தார். அந்த முறை நீதிமன்றங்களில் வழக்கொழிந்து போயிற்று. ஆனால் சீதன வீடு ஒழியவில்லை. சட்டம் கைவிட்டதை மேசனும் ஓடாவியும் கைவிடாமற் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வழக்கம் நிலத்தை வேண்டுவது. ஒரு வளவிலே மூன்று பெண்களுக்கு மூன்று வீடு என்பது, கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையிலே நெருங்கி வாழும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இன்று எளிதன்று. பக்கத்தில் இடமில்லாதபோது வீடு மேலே ஏறுகிறது. கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு என்று தீர்மானமாகிறது. பெற்றோரோ வழக்கப்படி இளையவளோடு இருக்க வேண்டியவர்கள். ஆகவே, முழங்கால் தளர்ந்து, பார்வை மங்கி, சமதரையிலே நடப்பதற்கே சுவரைப் பிடிக்கும் பருவத்தில், அந்தக் குடும்பத்திலேயே முதிர்ந்த இருவர் நாடோறும் மாடிப்படி ஏற நேர்கிறது. வழக்கமும் பிழையன்று, மாடியும் பிழையன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலே படியை அளப்பவர் இதனை மறந்துவிடுவதுதான் பிழை.

இனித் தமிழகத்தை நோக்குவோம். நம் கிழக்கிலே வளவு என்றால் வேலிக்குள் அடங்கிய மனை முழுவதும்; செட்டிநாட்டிலோ வளவு என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்த பகுதி. சொல் ஒன்றே, அதற்குள் வாழும் உறவு எதிர்மாறானது. காரைக்குடிப் பக்கத்துப் பெருவீடுகளில், வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஆண்மக்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. தனித்தனியே உலை வைத்தாலும் கூரை ஒன்றாகவே இருக்கும். அங்கே வளவு புதல்வர்களைக் கூட்டி வைக்கிறது. இங்கே புதல்விகளைக் கூட்டி வைக்கிறது. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்த அந்த மாளிகைகளிலே மாடிப்படி மாத்திரம் சுவரோடு ஒட்டி, குறுகலாக, செங்குத்தாக, ஒரு மூலையில் மறைந்து நிற்பதைக் கண்டு வியப்போர் உண்டு. வீட்டின் வாழ்க்கை முழுவதும் தரைத்தளத்து வளவைச் சுற்றியே நடந்தது. மாடி, விசேஷ காலங்களுக்கும் விருந்தினருக்கும் பண்டம் சேர்ப்பதற்கும் உதவிய இடம். என்றோ ஒரு நாள் ஏறும் படிக்கு இடத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை.

தற்காலத்துச் சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் தம் வீட்டின்மேல் மாடி எடுத்தால், அது பெரும்பாலும் மகனுக்காகவோ, வாடகைக்கு விடுவதற்காகவோதான் இருக்கும். பெற்றோர் கீழே இருப்பர்; மேலே ஏறுவோர் வாலிபர். வாடகைக்கு என்றால் படி வெளிச்சுவரோடு ஏறும். மகனுக்கு என்றால் கூடத்திலிருந்தே ஏறும். உள்ளே அமைந்த படி ஒரு குடும்பத்தையும், வெளியே அமைந்த படி இரண்டு குடும்பங்களையும் குறிப்பது அங்கே சொல்லாமலே விளங்கும் பாஷை. வீடு ஆண்வழியே செல்வது என்னும் எண்ணத்துக்குச் சட்டமும் வெகு காலம் துணை நின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குத் தந்தையின் சொத்திலே பங்கு தந்தபோதிலும், குடும்பத்தினர் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரிக்க முன்வரும்வரை அவள் பிரித்துக் கேட்கலாகாது என்று அதன் 23ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது. தமிழ்நாடு 1989இலே பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கி முன்னே நடந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த 23ஆம் பிரிவை நீக்கியது. வீட்டு வாசலிலே மகள் உரிமையோடு நிற்பதற்கு அங்கே சட்டம் வரவேண்டியிருந்தது. இங்கே அவளுடைய பெயரைக் கொண்டே வீடு அறியப்படுகிறது.

ஆயினும் தமிழகம் முழுவதையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள காயல்பட்டினத்திலும், இராமநாதபுரக் கரையிலுள்ள கீழக்கரையிலும், முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குச் செல்வதும் வீடு பெண்மக்களுக்கு வருவதும் நெடுநாள் வழக்கம். காயல்பட்டினத்திலே நீண்டு ஒடுங்கிய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, அவற்றின் பின்புறமாகப் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்று வருவதற்கென்றே குறுகிய முடுக்குகள் அமைந்திருக்கின்றன. தாயும் மகளும் தங்கையும் தெருவுக்கு வராமலே கலந்து வாழ அங்கே முடுக்கு வழிசெய்கிறது. நம் ஊர்களில் அதே காரியத்தைச் செய்வது வேலியிடையே விட்ட கடவை. வீடு மேலே ஏறியபின் அந்தக் கடவையின் ஸ்தானத்தை மாடிப்படி ஏற்கிறது. ஆகவே நம் மாடிப்படிக்கு உண்மையான உறவு, சென்னை வாடகை வீட்டின் வெளிப்படியன்று, காயல்பட்டினத்து முடுக்கேயாகும்.

நம் கரையின் இவ்வீட்டு வழக்கத்தைக் கடலும் ஒருமுறை கலைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமியாய்க் கடல் பெருகி வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதித்து, அவ்விதியைப் பிற்பாடு தளர்த்தி, அரசும் தொண்டு நிறுவனங்களும் புதிய வீடுகளைக் கட்டிக்கொடுத்தன. குடும்பத் தலைவர் என்ற பெயரால் பல இடங்களில் உறுதிப்பத்திரம் கணவன் பெயருக்கு எழுதப்பட்டதனால், தாய்வழி வந்த சீதன உரிமை ஒரு கையெழுத்திலே இடம்மாறிற்று. ஏறத்தாழ 500 சதுர அடியில் அமைந்த அவ்வீடுகளுக்குள் இரண்டாம் மகளுக்கு இடம் ஏது? அவற்றின்மேல் மாடி எடுக்க விரும்புவோர், பிறர் கட்டித் தந்த அத்திவாரம் இரண்டாம் தளத்தைச் சுமக்குமா என்று தகுதி வாய்ந்த பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே செங்கல்லைத் தொடவேண்டும்.

வீட்டைப் புதுக்குவதென்றால் பழையதை இடித்து எறிவதே முதற்காரியம் என்னும் அபிப்பிராயம் இன்று இரு நாட்டிலும் பரவியிருக்கிறது. ஆனால் பழமைக்கும் புதுமைக்கும் நடுவே நின்று வீட்டை மாற்றும் பாணிக்குச் சிறந்த உதாரணத்தை நம் நாட்டிலேயே காட்டலாம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலே வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை 1958இல் வாங்கி, பத்தாண்டுக் காலத்தில் மற்றவற்றையும் படிப்படியாகச் சேர்த்து, சுவர்களைத் திறந்து, இடையிடையே முற்றங்களை விட்டு, நான்கையும் ஒரே இல்லமாக்கினார். முன்புறத்து வீடு நின்ற இடத்திலே மாத்திரம் வெண்மையான கோபுரம்போல மாடி எழுப்பிய அவரே, உள்முற்றத்திலே செட்டிநாட்டிலிருந்து வந்த பழந்தூண்களை நிறுத்தினார். தமிழகத்து வளவு ஒன்றிலே கூரை தாங்கிய தூண், கொழும்பிலே இன்னொரு முற்றத்துக்கு அழகாயிற்று. பழையதற்குப் புதிய வேலை கொடுப்பதே அதனைப் போற்றும் முறை. நம் வீடுகளிலும் கழற்றிய முதிரை நிலையும் பழைய ஓடும் விறாந்தைத் தூணும் விறகாகவோ கல்லும் மண்ணுமாகவோ போகவேண்டியதில்லை. கீழ்வீட்டின் நிலைக்கதவு மேல்வீட்டு வாசலில் ஏறினால், இரண்டு சகோதரிகளும் ஒரு தாய்வீட்டுக் கதவையே திறந்தவர்கள் ஆவர்.

இனி அளவு. இரண்டு படியுயரத்தையும் ஒரு மிதியகலத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 24 அங்குலம் வரவேண்டும் என்று பிரெஞ்சுக் கட்டடக்கலை ஆசிரியர் பிளொண்டெல் பதினேழாம் நூற்றாண்டிலே கண்ட சூத்திரம், மனிதனுடைய நடையை அளந்து கண்டதாதலால் இன்றும் பழுதின்றி நிற்கிறது. இந்தியத் தேசியக் கட்டட விதிக்கோவை, குடியிருப்பு வீட்டின் படி 190 மில்லிமீற்றருக்கு மேல் உயரலாகாது, மிதி 250 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்கிறது. அது ஏறக்குறைய ஏழரை அங்குலமும் பத்து அங்குலமும் ஆம். வாலிபர் ஏறும் மாடிக்கு இந்த எல்லை போதும். தாய் ஏறும் மாடிக்கு ஆறு அங்குல உயரமும் ஒரு அடி மிதியுமே தகுந்தவை. தளத்துக்குத் தளம் பத்தடியானால் ஏழரை அங்குலப்படி 16 வேண்டும். ஆறு அங்குலப்படி 20 வேண்டும். 20 படி நேராக ஓடினால் 19 அடி நீளம் பிடிக்கும். நடுவிலே ஒரு தரிப்புத்தளம் விட்டு மடக்கினால் 12 அடிக்குள் அடங்கும். மூச்சு வாங்குவோர் நின்று இளைப்பாற இடமும் கிடைக்கும். படிகளின் தொகை ஒற்றைப்படையில் முடியவேண்டும் என்னும் நம்பிக்கை பாக்குநீரிணையின் இரு கரையிலும் உண்டு. அதை மதிக்க விரும்புவோர் 21 ஆக்கினால், படி இன்னும் சற்றுத் தாழ்ந்து காலுக்கு இதமாகும்.

படிகள் யாவும் ஒரே உயரமாயிருத்தல் மிக முக்கியம். மாபிள் பதிக்கும் தடிப்பை முன்கூட்டியே கணக்கிற் சேர்க்காத வீடுகளில் முதற்படியும் கடைசிப்படியும் ஏனையவற்றோடு ஒவ்வாமல், பழகிய காலையும் இடறிவிடும். மழையும் உப்புக்காற்றும் படும் படிக்கு வழுவழுப்பான கல் ஆகாது. சொரசொரப்பான சீமெந்துப் பூச்சே நலம். கடற்காற்று நேரே படும் கொங்கிறீற்றிலே கம்பியின்மேல் 45 மில்லிமீற்றர் கனத்துக்கு மூடல் இருக்கவேண்டும் என 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி கூறுகிறது. நம் கரையிலும் அதே உப்புக்காற்றுத்தான் வீசுகிறது.

இறுதியாக, படி எங்கே தொடங்கவேண்டும்? கூடத்துக்குள்ளே தொடங்கினால், மேல்வீட்டு மருமகன் கீழ்வீட்டு மருமகனின் கூடத்தைக் கடந்தே ஒவ்வொரு முறையும் போகவேண்டும். அது இருவருக்கும் சங்கடம். முற்றிலும் வெளியே, திறந்த சுவரோரமாகத் தொடங்கினால், மாரிகாலத்து இரவிலே தாய் நனைந்து ஏறவேண்டும்; அன்றி, மேல்வீடு வாடகை வீடுபோல் அந்நியமாகவும் ஆகிவிடும். விறாந்தையே இதற்குப் பொருத்தமான இடம் என்பது என் துணிபு. விறாந்தை உள்ளும் அன்று, வெளியும் அன்று. அதற்குக் கூரை உண்டு, கதவு இல்லை. வந்தவர் அமரலாம், கடந்தவர் போகலாம். அங்கிருந்து எழும் படி, கீழ்வீட்டின் அந்தரங்கத்தைக் கலைக்காமலே மேல்வீட்டைத் தாய்வீட்டின் நிழலில் வைத்திருக்கும்.

நான் பார்த்த வீட்டிலும் மேசன் அவ்வாறே இரண்டாம் முறை நூல் தெறித்தார். புதிய கோடு முன்னையதிலும் சாய்ந்து, விறாந்தையின் ஒரு சாண் இடத்தை அதிகமாக எடுத்துக்கொண்டது. அம்மையார் மறுபடியும் வந்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் குசினிக்குத் திரும்பினார். மேசன் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டப்பலகை அடிக்கத் தொடங்கினார்.