மண்ணுருவும் தன்னுருவும்: மாணவர் கலையில் அனுபவமும் அடையாளமும்

முன்னுரை

நுண்கலை மாணவர் தம் வாழ்வனுபவத்தையும் அடையாளத்தையும் படைப்பாக்குவது இன்றைய கலைக்கல்வியில் பெரிதும் வரவேற்கப்படுகிறது. ஆயினும் அவ்வரவேற்பு பல வேளைகளில் மாணவரின் ஊரையும் சமூகத்தையும் கேட்டறிவதோடு நின்றுவிடுகிறது. படைப்பின் வடிவத்தை நோக்குவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து சென்னைக்கோ மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்று கலை பயிலும் மாணவரைக் கருத்திற்கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

அனுபவம் வடிவமாதல்

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். மேலைப் பாணியின் பிடியிலிருந்து விலகித் தம் மண்ணுக்குரிய காட்சிமொழியைத் தேடும் போக்கு அவர் காலத்தில் வலுப்பெற்றது. அச்சூழலில் பயின்றவர் கே. ராமானுஜம் (1941-1973). மனநோயோடு போராடிய அவர் தம் துயரை நேரடியாக வரையவில்லை. மாளிகைகளும் பாம்புகளும் விந்தை உயிரிகளும் நிறைந்த கனவுலகைச் செறிந்த கோடுகளால் அமைத்து, தொப்பியணிந்த தம் உருவை அதனுள் உலவவிட்டார். அவரது வாழ்க்கை வரலாற்றை அறியாதவரும் அக்கோடுகளின் செறிவில் தனித்ததொரு மனத்தின் இயக்கத்தை உணரலாம்.

விழுப்புரத்தை அடுத்த திருவண்ணாமலையில் பிறந்து சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற பெனித்தா பெர்சியல், பொருளின் வழியே இதனைச் செய்கிறார். 2014-ஆம் ஆண்டுக் கொச்சி-முசிறிஸ் பினாலேயில் இடம்பெற்ற அவருடைய கிறித்தவ உருவங்கள் சாம்பிராணி முதலிய மணப்பொருள்களால் ஆனவை. பார்வையாளர் உருவத்தைக் காணுமுன்னரே அதன் மணத்தை நுகர்கிறார். வழிபாட்டு நினைவு இங்குக் கருப்பொருளாக மட்டும் நில்லாமல் ஊடகமாகவே மாறிவிடுகிறது.

படுகளத்து மண்ணுருவம்

விழுப்புரம் வட்டார மாணவர் சிறுவயது முதலே காணும் சிற்பம் ஒன்றுண்டு. திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தன்று துரியோதனனின் பேருருவம் தரையில் கிடந்த நிலையில் மண்ணால் வனையப்படும். கூத்தில் வீமன் வேடம் புனைந்தவர் அதன் தொடையைப் பிளக்க, பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். உருவமும் அன்றே சிதையும். அழிவதற்கென்றே செய்யப்படும் இக்கலை, நிலைபேற்றைச் சிறப்பெனக் கொள்ளும் கல், வெண்கலச் சிற்ப மரபுக்கு எதிர்நிலையில் உள்ளது. இதனை நாட்டார் வழக்கு என்று ஒதுக்காமல் சிற்பவியல் சிந்தனையாகக் கலைக்கல்வி ஏற்கும்போது மாணவரின் நினைவும் அறிவாக மதிக்கப்படும்.

எனினும் அம்மண்ணுருவை ‘வட்டார அடையாளம்’ என்று பொதுமைப்படுத்துவதும் பிழையாகும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் நுழைவு மறுக்கப்பட்டதால் எழுந்த மோதலைத் தொடர்ந்து, 2023 ஜூன் மாதம் வருவாய்த்துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. அம்மனின் கதை ஊர் முழுமைக்கும் பொதுவாயினும் கோயில் வாயில் அன்று அவ்வாறு பொதுவாக இருக்கவில்லை. படுகளத்தின் நடுவே நின்று கண்ட மாணவரும், விலகி நிற்குமாறு பணிக்கப்பட்ட மாணவரும் அதே உருவை வனைந்தாலும் அளவும் கோணமும் இடைவெளியும் வேறுபடும். இருவரையும் ‘கிராமியக் கலைஞர்’ என்னும் ஒரே பெயரால் அழைக்கும் விமர்சனம் அவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. மறுபுறம், விலக்கப்பட்ட மாணவர் தம் காயத்தை மட்டுமே படைக்கவேண்டும் என எதிர்பார்ப்பதும் மற்றொரு வகை விலக்கேயாகும். கனவுநகரை வரையும் உரிமை அவருக்கும் உண்டு.

முடிவுரை

தன்னனுபவம் என்பது படைப்புக்கு முன்பே முழுமையாக இருந்து, பின்னர்ப் படமாக்கப்படும் செய்தியன்று. ராமானுஜத்தின் கோட்டிலும் பெர்சியலின் மணப்பொருளிலும் அது உருக்கொள்கிறது. ஆகவே மாணவர் படைப்பை மதிப்பிடுவோர், ‘இவர் எங்கிருந்து வந்தார்?’ என்பதோடு நில்லாமல், ‘எங்கு நின்று கண்டார்? அந்நிலை இவ்வடிவத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது?’ என்றும் வினவவேண்டும். முதல் வினாவுக்கு மாணவரின் சேர்க்கைப் படிவமே விடை தந்துவிடும். மற்றவற்றுக்குப் படைப்பை நோக்கியே விடை காணவேண்டும்.