குட்டி எடை மட்டும் போதுமா? செம்மறிக் கலப்பினம் பற்றி ஒரு மறுப்பு

வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் போனால் பார்க்கலாம். வியாபாரி கிடாயின் முதுகைத் தடவி, இடுப்பை அழுத்தி, கறி எவ்வளவு தேறும்னு மனசுக்குள் கணக்குப் போட்டு விலை சொல்வார். அதனால், "பெரிய இனத்துக் கிடாயைச் சேர்த்தா குட்டி சீக்கிரம் எடை போடும்" என்ற பேச்சு யாருக்கும் சட்டென்று பிடித்துவிடும். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது பாதி உண்மைதான்.

இது புது யோசனையும் இல்லை. 1971-ல் தொடங்கிய அகில இந்திய செம்மறி ஆராய்ச்சித் திட்டத்தில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். ராஜஸ்தானின் அவிகாநகரில் மால்புரா, சோனாடி. ஆந்திராவின் பலமநேரில் நெல்லூர், மாண்டியா. இவற்றோடு டார்செட், சஃபோக் கிடாக்களைச் சேர்த்தார்கள். 1990-ல் அந்தத் திட்டமே வடிவம் மாறி, நாட்டு இனங்களுக்குள்ளேயே நல்ல கிடாயைத் தெரிவு செய்யும் வழிக்குத் திரும்பியது. தமிழ்நாட்டில் மேச்சேரியும் மெட்ராஸ் சிவப்பும் அப்படித்தான் எடுக்கப்பட்டன. கலப்பினத்தை விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை.

ஏன் திரும்பினார்கள் என்பதை நம்ம கிடையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அடர்தீவனம் போட்டுக் கொட்டிலில் வளர்த்தால் கலப்பினக் குட்டி எடை போடும், சந்தேகமில்லை. ஆனால் மதுரையைச் சுற்றி ஆடு அறுவடைத் தாளை மேய்ந்து, மைல் கணக்கில் நடந்து, ராத்திரி கிடையில் அடைகிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். சித்திரையில் காடு வெறும் மண். உடம்பு பெருத்த தாய்க்கு உயிர் தரிக்கவே கூடுதல் தீனி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பால் வற்றும், குட்டி தங்காது.

இன்னொன்று, கலப்பு வீரியம். முதல் தலைமுறையில் கிடைக்கும் இந்த ஊக்கம், அந்தக் குட்டிகளையே தங்களுக்குள் இணைத்தால் பாதியாகிவிடும். நம்ம ஊரில் மந்தையில் பிறந்த கிடாயைத்தானே அடுத்த பொலிகிடாயாக விடுகிறார்கள்?

"டார்ப்பர் வறண்ட நிலத்து ஆடுதானே?" என்று கேட்கலாம். சரிதான். தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலை பாரசீக ஆட்டையும் சேர்த்து, அங்கேயே தெரிவு செய்து உருவாக்கியது. கற்க வேண்டியது அந்தப் பொறுமையை; கிடாயை மட்டும் இறக்கினால் அது வராது.

கலப்பே கூடாதுன்னு நான் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது வேறு மாதிரி. சுந்தரவனத்து கரோல் ஆட்டின் இரட்டைக்குட்டி மரபணு ஒன்றை மட்டும் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, திரும்பத் திரும்பத் தக்காணியோடு சேர்த்து உடம்பை உள்ளூர் உடம்பாகவே வைத்துக்கொண்டார்கள்.

நம்ம பக்கம் வாடிப்பட்டி வட்டாரத்தில் கச்சைகட்டி கருப்பு இருக்கிறது. தனி இனம் என்ற அங்கீகாரமும் பெற்றது. கணக்கில்லாமல் கலந்தால் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி சின்ன இனம்தான். அப்புறம் கலக்கவும் எதுவும் மிஞ்சாது.

ஆகவே அடுத்த முறை யாராவது "மூணு மாசத்தில் இத்தனை கிலோ" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தீவனச் செலவும் செத்த குட்டியும் போக, ஒரு தாய் ஆட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு மிஞ்சுது? அதுதான் ஆட்டுக்காரர் வீட்டுக் கணக்கு.