‘ராஜி’ விளையாட்டில் கதைகூறும் முறை: ஒரு திறனாய்வு நோக்கு

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளத் தமிழியல் துறைகள் இன்னும் தயங்குகின்றன. பினாங்கில் நம்மிடம் பயிலும் மாணவரோ, கதை என்றதும் முதலில் சுட்டுவது அவற்றையே. இவ்விடைவெளியை மனத்திற்கொண்டு, புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்னும் அதிரடி விளையாட்டை ஈண்டு நோக்குவோம்.

கதை எளியது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிச் செல்கிறாள், வித்தை காட்டிப் பிழைக்கும் சிறுமி ராஜி. கதையைக் கூறுபவள் அவளல்லள். துர்க்கையும் திருமாலும் மேலிருந்து அவளைக் கண்டு உரையாடுகின்றனர். சுவரோவியம் ஒன்றன்முன் அவள் நின்றால், அவர்தம் பேச்சு முன்னைப் புராணத்திற்குத் திரும்புகிறது. வட்டத் துண்டுகளைச் சுழற்றிப் பொருத்தினால், அக்காவும் தம்பியும் கூடியிருந்த நாளின் ஓவியம் முழுமை பெறுகிறது. போர் முன்னோக்கிச் செல்ல, நினைவு பின்னோக்கிச் செல்கிறது. நில்லாது ஓடும் ஆட்டக்காரருக்கு இச்சுவர்க் கதைகள் கிட்டா என்பது கருதத்தக்கது.

இம்முறை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரப் பதிகம் கதை முழுவதையும் முன்னரே சுருங்கக் கூறிவிடுகிறது. கோவலனின் முற்பிறப்பு வினையோ, மதுரை எரியுண்ட பின்னரே, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தால் வெளிப்படுகிறது. முடிவறிந்த கதையில் நம்மை நிறுத்துவன, சிலம்பின் உட்பரல் முத்தா மாணிக்கமா என்பன போன்ற நுண்விவரங்களே.

எனினும், கூறுமுறையை ஆட்டத்தோடு இணைப்பதில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ (2003) மேம்பட்டு நிற்கிறது. அதில் நடந்து முடிந்ததை இளவரசனே கூறுகிறான். ஆடுபவர் தவறி வீழ்ந்து இறந்தால், அவ்வாறு நிகழவில்லை என அவனே கதையைத் திருத்துகிறான். தோல்வியும் கதைசொல்லியின் நாப்பிழையாகிவிடுகிறது! ‘ராஜி’யின் தேவர் மொழி இவ்வாறு ஆட்ட விதியோடு பிணையவில்லை, புராணம் அறியாதார்க்கு விளக்கும் வழிகாட்டியின் குரலாகவே சிலவிடங்களில் ஒலிக்கிறது. 2020இல் அவர்கள் பேசியது ஆங்கிலம். இந்திக் குரல் 2022இன் மேம்பட்ட பதிப்பிலேயே சேர்ந்தது. மாறாக, முதற்பதிப்பின் இடைக்காட்சிகளைப் பாவைக்கூத்து நிழல்களாக அமைத்தமை விளக்கமின்றியே விளங்குகிறது. கிளாந்தான் வயாங் கூலிட்டைக் கண்டு பழகிய நம் மாணவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்த பருவத்தில் கட்டுரை காதையைக் கற்பிக்கும்போது இவ்விரு விளையாட்டுகளையும் வகுப்பில் ஆடவிட எண்ணியுள்ளோம். பாடத்திட்டக் குழு என்ன கூறுமோ, அறியோம்.